மாடு ஏன் வரவில்லை?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ எடுக்கிற ஆசிரியத் தோழர்களுக்கு,

ஐப்பசி பிறந்தால் நமக்கு இரண்டு சுற்றறிக்கைகள் நிச்சயம். ஒன்று மழை விடுமுறை. இன்னொன்று, அந்த விடுமுறையில் ஆன்லைனில் வகுப்பெடுத்து வருகைப்பதிவை ஸ்க்ரீன்ஷாட்டோடு அனுப்பச் சொல்வது. இப்போது மூன்றாவதாக ஒரு பேச்சும் ஸ்டாஃப் ரூமில் அடிபடுகிறது. இயற்பியலுக்கு ஆய்வகம் வேண்டும், கணக்குக்குக் கரும்பலகை வேண்டும், கட்டுரை எழுதச் சொல்லித்தரும் தாளை மட்டும் நிரந்தரமாக ஆன்லைனுக்குத் தள்ளிவிட்டால் ஒரு வகுப்பறை மிச்சமாகுமே என்கிறார்கள். உங்களில் பலருக்கு இதைக் கேட்டுக் கோபம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அந்தத் தாளை ஆன்லைனில் நடத்த முடியாது என்ற கட்சியில் நான் இல்லை. நடத்தலாம். சில விஷயங்களில் வகுப்பறையைவிட நன்றாகவே நடத்தலாம். நாம் இப்போது நடத்துகிற விதத்தில்தான் முடியாது.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பறையில் பேசிய முக்கால் மணி நேரத்தை அப்படியே தூக்கிக் கூகுள் மீட்டில் வைத்தோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஆங்கிலம் என்றால் டாபிக் சென்டென்ஸ். அறுபது கறுப்புக் கட்டங்கள், எல்லாம் மியூட்டில். "கேக்குதா?" என்று கேட்டால் ஒரே ஒரு பிள்ளை "எஸ் சார்" என்று தட்டுவான். அந்த நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது அந்த "எஸ் சார்" கூட இல்லை. கரன்ட் இல்லை, டவர் இல்லை. அன்றிலிருந்து ஆன்லைன் தோற்றதற்கு டவரையே காரணமாகச் சொல்லிவருகிறோம்.

டவர் இருந்திருந்தாலும் தோற்றிருக்கும். முக்கால் மணி நேரப் பேச்சு வகுப்பறையிலேயே யாருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்ததில்லை. அங்கே நம்மைக் காப்பாற்றியது வேறொன்று. எழுதச் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்போமே, ஒரு நோட்டை எட்டிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்போமே, அந்த அரை நிமிடம்தான் பாடம். ஆன்லைனுக்குப் போகும்போது முக்கால் மணி நேரத்தைக் கவனமாக எடுத்துக்கொண்டோம். அரை நிமிடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டோம்.

தொலைவிலிருந்து சொல்லித்தருவது பழைய தொழில். 1840-இல் இங்கிலாந்தில் பென்னி தபால் வந்தவுடன் ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லித்தரத் தொடங்கினார். மாணவர்கள் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். தபாலில் போனதும் வந்ததும் மாணவர் எழுத்தும் அதற்கான பதிலும்தான். சொற்பொழிவு எதுவும் தபாலில் ஏறவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது பென்னி தபாலைவிட ஆயிரம் மடங்கு வேகமான தபால். நாம்தான் அதை மைக்செட்டாகப் பயன்படுத்துகிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.-க்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. ஆற்றோரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட முகாம்களில் இருந்த நேரத்தில், வழக்கம்போல மீட் லிங்க் அனுப்பு என்று எனக்குச் சொல்லப்பட்டது. லிங்க் அனுப்பவில்லை. "உங்க வீட்ல நடந்ததை மூணு வரி, இங்கிலீஷ்ல, முடிஞ்சப்ப அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். டவர் வர வர, ஒவ்வொருவரிடமிருந்தும் வந்தது. ஒரு மாணவி எழுதியிருந்தாள் (ஊரும் பேரும் வேண்டாம்): "வாட்டர் கேம் இன் நைட். வீ ஆல் வென்ட் டு ஸ்கூல். கவ் டிட் நாட் கேம்."

பழக்க தோஷத்தில் கை சிவப்பு மையைத்தான் தேடும். மூன்று வரியில் மூன்று பிழை, பத்துக்கு நான்கு. நான் ஒரு வாய்ஸ் நோட் போட்டேன், தமிழில்: "மாடு ஏம்மா வரல?"

மறுநாள் மூன்று நிமிட வாய்ஸ் நோட் திரும்பி வந்தது. கன்று போட்டு நாலு நாள்தான் ஆகிறதாம். கன்றுக்குத் தண்ணீரில் நடக்க வராது, மாடு கன்றை விட்டு நகராது. அப்பா கயிற்றை அறுத்து, கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருந்த மேட்டுக்குப் போயிருக்கிறார். மாடு பின்னாலேயே போயிருக்கிறது. முகாமில் ஆயா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒரு மனுஷனையும் ஒரு செவலை மாட்டையும் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். முதலில் மாட்டைத்தான் கேட்டாளாம், அதற்கப்புறம்தான் மகனை. இதைச் சொல்லும்போது பெண் சிரித்துவிட்டாள்.

"இப்ப சொன்னதை எழுது" என்றேன். ஒரு பக்கம் வந்தது. ஆங்கிலம் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே வைத்திருந்தாள். அதற்கும் ஒரு கேள்வி போனது: ஆயா கேட்டதை ஏன் கடைசியில் வைத்தாய்? இன்னொரு வடிவம் வந்தது, ஆயாவில் தொடங்கி. அதற்குப் பிறகுதான் "டிட் நாட் கேம்" பற்றிப் பேசினோம்.

அந்தப் பிழையையும் கொஞ்சம் பாருங்கள். நடந்து முடிந்த காரியம், அதனால் "டிட்"; நடந்து முடிந்த காரியம், அதனால் "கேம்". இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் குறித்துவிட்டாள். விதி தெரியாதவள் செய்கிற பிழை இது இல்லை. தெரிந்த விதியைக் கூடுதலாகப் பின்பற்றியவள் செய்வது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது, அதுவரை கல்லூரி வாசலே மிதிக்காத குடும்பத்துப் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மைனா ஷாக்னசி என்ற ஆசிரியை மட்டும் சுமார் 4,000 விடைத்தாள்களை உட்கார்ந்து படித்தார். 1977-இல் வந்த அவருடைய புத்தகம் அந்தப் பிழைகளுக்குள் இருக்கும் ஒழுங்கைக் காட்டியது. நம் தமிழ்த் தாளிலும் இதே கதைதான். "குழந்தைகள் வந்தது" என்று எழுதுகிற பிள்ளையின் வீட்டில் "புள்ளைங்க வந்துச்சு" என்றுதான் பேசுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு திருத்துவது ஒரு விதம், "ஒருமை பன்மை கூடத் தெரியல" என்று சுழிப்பது ஒரு விதம்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும். வகுப்பில் அறுபது பேர், இரண்டு செக்‌ஷன்; எல்லார் வீட்டு மாட்டையும் விசாரிக்க நேரம் ஏது?

நியாயமான கேள்வி. கட்டுரை திருத்தும் அலுப்பு இன்று தொடங்கியதும் இல்லை. முதலாண்டு மாணவருக்குக் கட்டாயக் கட்டுரைத் தாள் என்ற ஏற்பாட்டை 1885-இல் ஹார்வர்டு கொண்டுவந்தது. பத்தாண்டு ஆவதற்குள் அங்கேயே குவிகிற தாள்களைப் பற்றிப் புலம்பல் ஆரம்பித்துவிட்டது. என் கணக்கு இது. ஒரு செக்‌ஷனின் அறுபதை நாலாகப் பிரியுங்கள். வாரம் பதினைந்து பேருக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒன்றேகால் மணி நேரம். மற்ற வாரங்களில் அவர்கள் மூன்று மூன்று பேராக ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து ஒரே ஒரு கேள்வி அனுப்பட்டும். "சூப்பர்", "நல்லா இருக்கு" இரண்டுக்கும் தடை. இந்த ஒன்றேகால் மணி நேரம் மீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலிருந்து வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பதினோரு மணிக்குச் செய்கிற வேலையாக இருந்தால் ஒரு செமஸ்டர் கூடத் தாங்காது, கெஸ்ட் லெக்சரராக இருக்கும் நம் இளையவர்களுக்கு அதைச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

அதனால் நிர்வாகத்திடம் நாம் கேட்கவேண்டியது லேப்டாப்போ ஸ்மார்ட் போர்டோ இல்லை. படித்துப் பதில் சொல்லும் நேரத்தைப் பணிச்சுமையில் கணக்கெடுங்கள் என்று கேட்கவேண்டும். பாகூர்க்காரர்களுக்கு இதில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் நடந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக்கொடுத்த செப்பேடு 1879-இல் பாகூரில் கிடைத்தது. அங்கே சொல்லித்தந்தது வடமொழிக் கல்வி. இன்று நம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோரை அதன் வாசலில் விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் சொல்லித்தருகிறவனுக்கு நேரமும் சோறும் வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு மூன்று ஊர் வேண்டாம். டைம் டேபிளில் மூன்று பீரியடு போதும்.

அதோடு வருகைப்பதிவு. மீட்டில் பெயர் தெரிந்தால் பிரசன்ட், அந்த வாரம் இரண்டு வடிவம் எழுதி அனுப்பியவன் ஆப்சென்ட் என்றால் அந்தப் பதிவேட்டுக்கு என்ன மரியாதை? எழுதி அனுப்பியதே வருகை என்று ஏற்கச் சொல்வோம். இது சலுகை கேட்பது போலத் தோன்றலாம். பிள்ளைகள் வீட்டு நிலவரம் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. பல வீடுகளில் நெட் உள்ள போன் ஒன்றுதான். அது அப்பாவோடு சேதராப்பட்டுக் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும். காலை பத்து மணி வகுப்புக்கு அந்த வீட்டுப் பெண் எப்படி வருவாள்? ஒரு மணி நேர வீடியோ வகுப்பு சில நூறு எம்.பி. தின்னும். ஒரு நிமிட வாய்ஸ் நோட் ஒரு எம்.பி. கூட ஆகாது, டவர் கிடைக்கும்வரை காத்திருந்து தானே போய்ச் சேரும். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேல் போன் நிழல் விழுந்திருக்கும், படிக்க முடிகிறது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் குழு தொடங்கினால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரமே தெரியாத நம்பரிலிருந்து "ஹாய்" வரும். வீட்டில் யாராவது பார்த்தால் போனைப் பிடுங்கிவைப்பார்கள். அத்தோடு படிப்பும் நிற்கும். வகுப்புக்கென்று பொதுக்குழுவே வேண்டாம். பிராட்காஸ்ட் லிஸ்ட், அல்லது கூகுள் கிளாஸ்ரூம். மூவர் குழுக்களும் பெண்களுக்குத் தனியே, அவர்களே தேர்ந்தெடுத்தபடி.

ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிவிட்டு நடுவில் தமிழ் வந்தால் என்ன செய்வது என்று ஒரு தோழர் கேட்டார். சுரேஷ் கனகராஜா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவர், 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். போர்க்காலம், மின்சாரம் இல்லை, காகிதத் தட்டுப்பாடு. நம் டவர் பிரச்சினை அதற்கு முன்னால் எம்மாத்திரம். அவருடைய வகுப்பில் அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்திருந்தார்கள். மாணவர்கள் அதன் ஓரங்களில் கிறுக்கியிருந்ததை எல்லாம் அவர் பொறுமையாகப் பார்த்தார். பாடநூல் படங்களில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் வேஷம் போட்டிருந்தார்கள். சினிமா இருந்தது, காதல் இருந்தது, அரசியல் இருந்தது. கேட்ட கேள்விக்கு வாய் திறக்காத மாணவர்கள் ஓரத்தில் தாராளமாகப் பேசியிருந்தார்கள். 1999-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்த ஓரக் கிறுக்கல்களுக்கு முக்கியமான இடம் உண்டு. பிற்பாடு, கல்லூரிக் கட்டுரையிலேயே பல ஆங்கிலங்களுக்கும் தாய்மொழிக்கும் இடம் தரவேண்டும் என்று அமெரிக்கக் கட்டுரை ஆசிரியர்களிடமே வாதாடினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நம் பிள்ளைகள் கடைசியில் உட்காரப்போவது பல்கலைக்கழகத் தேர்வு ஹாலில். அங்கே "செவலை"க்கு மதிப்பெண் போட ஆளில்லை. முதல் வடிவத்தில் எந்த மொழியும் வரட்டும். கடைசி வடிவத்தில் தேர்வுத்தாளின் மொழி. இந்தக் கோட்டை நான் இங்கே போடுகிறேன், நீங்கள் வேறிடத்தில் போடலாம்.

தமிழ் எடுக்கும் தோழர்களுக்கு வெளியில் தேடவேண்டிய அவசியமே இல்லை. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதிய நாட்குறிப்பு பேச்சுத் தமிழில்தான் இருக்கிறது. கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கவர்னர் வீட்டில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று இருபத்தைந்து ஆண்டுச் சமாச்சாரம். பேச்சுநடை என்று அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. ஆராய்ச்சிப் பட்டம்தான் வாங்கியிருக்கிறோம். "நேற்று எங்கள் தெருவில்" என்று ஒரு நாள் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், ஆனந்தரங்கர் எழுதியது போல, விலைவாசியோடு.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்கவிட மாட்டீர்கள். 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த செமஸ்டருக்குள் நம் அசைன்மென்ட்டுகளின் ஆங்கிலம் திடீரென்று துரைத்தனமாகிவிட்டது. "சுற்றுச்சூழல் மாசு" என்று தலைப்பு கொடுத்தால் அதுதான் வரும். முன்பு கைடிலிருந்து வந்தது, இப்போது போனிலிருந்து வருகிறது. பிள்ளையிடமிருந்து அன்றும் வரவில்லை. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிப் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களிடம், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் எழுதுகிறவன்தான் மாட்டுவான், அதாவது நம் பிள்ளை. வெள்ளத்தில் நிற்கும் மாட்டைப் பற்றி இயந்திரமும் எழுதும், கண்ணீர் வரும்படியே எழுதும். ஆனால் வாய்ஸ் நோட்டில் பேசி, முதல் வடிவம், இரண்டாம் வடிவம், நடுவே கேள்வி என்று போகும் வேலையில் ஏமாற்றுவதுதான் அதிக உழைப்பு. சில பேர் அப்போதும் ஏமாற்றுவார்கள். ஏமாற்றட்டும், வகுப்பறையிலும் ஏமாற்றினார்கள்.

வகுப்பறையை நான் கைகழுவச் சொல்வதாக யாரும் நிர்வாகத்திடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம். முதல் இரண்டு வாரம் நேரில் இருந்தாக வேண்டும். முகம் தெரியாத வாத்தியாருக்கு யாரும் வீட்டுக் கதையை எழுதமாட்டார்கள். எழுதியதை உரக்கப் படிப்பதும் நேரில்தான். அறுபது பேர் சிரிக்கிற இடத்தில் சிரிப்பதை எந்தத் திரையும் தராது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்தில் பிளஸ் டூ எழுதிய முதல் அணி 2025-இல்தான் நம்மிடம் வந்தது. பாடத்திட்டம் நடுவழியில் மாறிய பிள்ளைகள் அவர்கள்; நேரில் பார்த்து, எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களைத் திரைக்கு அனுப்புவது அநியாயம்.

உள்மதிப்பீட்டை நாம் பேசி முடிவுசெய்தே ஆகவேண்டும். இப்போது முடிந்த கட்டுரைக்கு மதிப்பெண் போடுகிறோம். முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் இடையே என்ன மாறியது என்பதற்குப் பாதி மதிப்பெண் என்று வைத்துப்பாருங்கள். திருத்தி எழுதுவது தண்டனை என்ற எண்ணம் ஒரு செமஸ்டரிலேயே போய்விடும். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நம் ஆட்கள் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கவேண்டும். எதிர்ப்பு வரும், "எப்படி அளப்பது" என்று. இரண்டு வடிவங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள், ஒரு விரிவுரையாளரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதைவிட நம்பகமான அளவுகோல் நம் வினாத்தாளில் இப்போது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தலைப்புகளை ஊர்வாரியாகச் சேர்த்து ஒரு பட்டியல் போடலாம் என்று இருக்கிறேன். வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளையிடம் சூளையை எப்போது திறக்கவேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். செய்முறை விளக்கக் கட்டுரை அதில் முழுதாக இருக்கிறது. ஊசுட்டேரிக் கரைப் பிள்ளையிடம் எந்த மாதம் எந்தப் பறவை என்று கேட்கலாம். தேர்த் திருவிழாவில் கவர்னர் வடம் பிடிக்கும்போது தெருவில் எந்த இடத்தில் நின்றால் தெரியும், யாருக்கு அங்கே நிற்க இடம் கிடைக்கும் என்பது ஒரு நல்ல வாதக் கட்டுரை. உங்களுக்குத் தோன்றுவதை அனுப்புங்கள், வாய்ஸ் நோட்டாக இருந்தாலும் சரி. "எனது இலட்சியம்" மட்டும் வேண்டாம், என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
வில்லியனூர்ப் பக்கத்து ஆங்கில ஆசிரியர் ஒருவர்